மதிலுக்கு வெளியே இருந்த மணல்

மணலுக்குள் தங்கம் தேடுகிறேனாம்! கொத்தனார் பெண்டாட்டி குழாயடியில் நின்று ஊருக்கே சொல்லியிருக்கிறாள். "கெழவிக்குப் புத்தி பெரண்டு போச்சு. பக்கத்து வீட்டுக்காரி வீடு கட்ட எறக்குன மணலப் பூராவும் சல்லடையில அரிச்சிக்கிட்டுக் கெடக்கா" என்றாளாம். உன் மணலைப் பற்றித்தான் பேச்சு, நீயும் கேட்டுக்கொண்டு பேசாமல்தானே வந்தாய்? உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உட்கார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அவள் புருஷன் பூசுகிற சுவரைப் போய்ப் பார், ஒரு மழைக்கு நிற்காது. அவன் குழைக்கிற மணலை யாராவது அரித்துக் கொடுத்தால் அவனுக்குத்தான் லாபம்.

"எக்கா, மணல்ல அப்படி என்னதான் தேடுதிய?"

கேட்டுவிட்டாயா? நீ கேட்காமல் இருந்தாலும் சொல்லியிருப்பேன். காப்பியை ஆற விடாதே, குடி.

எனக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. ரேஷன் கார்டில் இன்றைக்கும் கைநாட்டுதான். ஆனால் வெள்ளைக்காரர்களின் தேசத்தில் பழைய காலத்தில் யாருக்கு யார் அடங்கி நடந்தார்கள் என்று கேள், மூச்சு விடாமல் சொல்வேன். உச்சியில் ராஜா. அவருக்குக் கீழே நிலம் வைத்திருக்கிற பிரபு. பிரபுவுக்குக் கீழே குதிரைக்காரச் சேவகன். எல்லாருக்கும் அடியில் உழுகிறவன், அவன் அந்த மண்ணை விட்டு வேறு ஊருக்குப் போகக்கூடாது. இத்தனை பேருக்கும் பக்கத்தில், பிறப்பிலிருந்து குழிவரைக்கும், கோயில். சிரிக்கிறாயே! ஐந்தாம் பாரம், இந்தக் காலத்துப் பத்தாம் வகுப்பு, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவள் நான். என்ன, அவர்கள் உள்ளே, நான் ஜன்னலுக்கு வெளியே.

யுத்த காலம் அது. கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுகிற வேலை. மணி அடித்துக்கொண்டிருந்த ஆள் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். அதனால் மணியும் என் கைக்கு வந்தது. தண்ணீர்ப் பானைகள் இருந்த இடம் ஐந்தாம் பாரத்து ஜன்னலுக்கு நேர் கீழே. பானையைக் கழுவுகிற சாக்கில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். என் பானைகளைப் போலச் சுத்தமான பானைகள் தூத்துக்குடியிலேயே கிடையாது என்று மதர் எல்லாரிடமும் சொல்லுவார்கள்.

சரித்திர டீச்சர் சாத்தான்குளத்துப் பக்கம். வேதக்காரிதான், ஆனால் நம் கோயில் இல்லை, மாதா சுரூபம் இல்லாத கோயில். யுத்தத்தில் ஆள் கிடைக்காமல் மதர் எடுத்த டீச்சர். ஒல்லியாக, பனைமட்டை மாதிரி விறைப்பாக நிற்பாள். குரல் மட்டும் அவ்வளவு பெரிது. முதல் நாளே ஒருத்தி எழுந்து கேட்டாள்:

"டீச்சர், ஒங்க கோயில்ல மாதாவே கெடையாதாமே? அப்போ எங்க கோயில் கதைய நீங்க எப்படிச் சொல்லித் தருவிய?"

"கெடையாததுனாலதான் பயமில்லாமச் சொல்லப்போறேன். உக்காரு."

அந்த டீச்சர் புத்தகத்தைத் திறந்து வாசித்து நான் பார்த்ததே இல்லை. வகுப்பையே ஒரு ஊராக்கிவிடுவாள். குறி போட்ட புளியங்கொட்டையை எடுக்கச் சொல்லுவாள், யாருக்கு எந்தக் குறி வருகிறதோ அதுதான் அவளுடைய பிறப்பு. ஒருத்தி பிரபு, ஒருத்தி மேற்றிராணியார், அதுதான் பிஷப்பு, மிச்சப் பேரெல்லாம் தரையில் உட்காருகிற குடியானவர்கள். தோணிக்கார வீட்டுப் பெண் ஒருத்திக்குத் தரை விழுந்துவிட்டது. கழுத்து நிறையச் சங்கிலி போட்டவள். "நான் தரையில உக்கார மாட்டேன், எங்க அய்யாவுக்கு ரெண்டு தோணி இருக்கு" என்று அழுகை. "அந்த ஊர்ல ஒங்க அய்யா கிடையாதும்மா, பிரபுதான்" என்றாள் டீச்சர். பிரபுவாக வந்தவளோ சங்கு குளிக்கிறவனுடைய மகள். அவள் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! கோயிலுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லி, மத்தியானம் எல்லாருடைய தூக்குச்சட்டியிலிருந்தும் மேற்றிராணியார் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் மேற்றிராணியாருக்கு வயிற்றுப்போக்கு. நான்தான் ஓமத்தண்ணீர் கொடுத்தேன்.

இன்னொரு நாள் வழக்குத் தீர்ப்பதைச் சொல்லிக் கொடுத்தாள். ரெண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அந்தக் காலத்தில் என்ன செய்வார்களாம் தெரியுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் கொடுப்பார்களாம். சாமியார் மந்திரித்துத் துணியால் கையைக் கட்டுவார். பிறகு கட்டை அவிழ்த்துப் பார்த்து, புண் ஆறியிருந்தால் அவன் சொன்னது மெய், சீழ் வைத்தால் பொய். "கடவுள் வந்து சாட்சி சொல்லணும்னு மனுசன் கட்டாயப்படுத்துற வழக்கு இது. பொறவு கோயிலே வேண்டாம்னு நிறுத்திட்டுது" என்றாள். அன்றைக்கு நான் பானையைக் கழுவவே மறந்துபோனேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்கிறாயா? வருகிறேன், வருகிறேன். அதற்கு முன்னால் என் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரிந்தது என் மூன்று பையன்கள்தான். அவர்களுக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு. பள்ளிக்கூட வேலைக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தாள். மாதம் நிறையவில்லை. எனக்குக் காய்ச்சலில் நினைவே இல்லை. பிள்ளை கொஞ்ச நேரம்தான் இருந்ததாம். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டதாம். நான் கண் விழித்தபோது தொட்டில் சேலையை மடித்து வைத்துவிட்டார்கள்.

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையை அப்போது கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கமாட்டார்கள். உள்ளே இருப்பது மந்திரித்த மண். வெளியே, மதிலை ஒட்டி, கடல் பக்கமாக இருக்கிற வெறும் மணலில் குழி. பூசை இல்லை, மணி இல்லை, சிலுவை நடக்கூடாது. அந்த ஆத்துமா மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, ஒரு ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். என் மாமியார்தான் பிள்ளையைத் துணியில் பொதிந்து கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அங்கே போய் ஒரு உடைந்த சங்கை அடையாளமாக ஊன்றினேன். சிலுவைதானே கூடாது, சங்கு கூடும் அல்லவா?

அந்த நாட்களில் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூட மணியின் கயிற்றை இழுத்தால் எனக்கு மார்பு கனக்கும். ஒவ்வொரு தடவையும். ரவிக்கை நனைந்துவிடும். பால் வற்றி, மாதக்கணக்கான பிறகும் அந்தக் கனம் நிற்கவில்லை. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மதில் பக்கமிருந்து பூனைக்குட்டிச் சத்தம் கேட்கும். நான் கேட்டிராத சத்தம் அது, பிறர் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் அந்தச் சத்தம்தான் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், நான் வாசலில் நிற்பேன். "அங்கன என்னளா பாக்க?" என்று மாமி கேட்பார்கள். "காத்து" என்பேன். அவர்களும் கொஞ்ச நேரம் என்னோடு நிற்பார்கள். அவர்களுக்கும் கேட்டதோ என்னவோ.

சரி. ஒரு நாள் காலையில் டீச்சர் என்னிடம் வந்தாள். "அக்கா, இன்னைக்கு மணி அடிக்காதிய. மதர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். அந்தக் காலத்தில் ஒரு ராஜா கோயிலுக்கு அடங்காவிட்டால், போப்பாண்டவர் ஊர் முழுவதற்கும் தடை போட்டுவிடுவாராம். பூசை கிடையாது, கல்யாணம் கிடையாது, மணி கிடையாது. பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமாம்.

நான் மணி அடிக்கவில்லை. என்ன நடந்தது தெரியுமா? நம் தெருவே அந்த மணியை வைத்துத்தான் உலை வைத்துக்கொண்டிருந்தது. மணி கேட்காததால் பாதி வீட்டில் சோறு குழைந்துவிட்டது, பாதி வீட்டில் அரிசியே போடவில்லை. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான், அதனால்தான் மணியை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு கிழவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கே போய்விட்டார்! மதர் அன்று டீச்சரைக் கூப்பிட்டுக் கொடுத்த கொடுப்பு இருக்கிறதே, அது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

ஆனால் அதற்கு முன்னால் வகுப்பு நடந்தது. டீச்சர் கேட்டாள்: "தடை போட்ட ஊர்ல ஒரு ஆள் செத்துப்போனா எங்க புதைப்பாங்க?"

ஒருத்தி சொன்னாள்: "மதிலுக்கு வெளிய, டீச்சர். மணி அடிக்கிற அக்கா பிள்ளையப் போட்ட மாதிரி."

அவள் மேல் குற்றமில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். நான் பானைக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றேன்.

மத்தியானம் டீச்சர் ஜன்னல் பக்கம் வந்து, தண்ணீர் வேண்டாதபோதும் தண்ணீர் கேட்டாள். குடிக்கவில்லை. லோட்டாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, பிள்ள பொறந்தப்போ யாரு கூட இருந்தா?"

"மருத்துவச்சி உம்மா இருந்தா. காயல்பட்டினத்துத் துலுக்கவீட்டு அம்மா. இந்தத் தெருவுல முக்காவாசிப் பிள்ளைகள எடுத்தது அவதான்."

"அவங்க தண்ணி ஊத்துனாங்களா?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் காய்ச்சல் சூட்டில், என் முழங்கையில் குளிர்ந்த சொட்டுகள் விழுந்தன. மழை ஒழுகுகிறது என்று நினைத்தேன். மழை பெய்கிற மாதமே இல்லை அது.

டீச்சர் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் காலத்துலயே ஒங்க கோயில்ல ஒரு சட்டம் வச்சிருக்காங்க. சாகப்போற பிள்ளைக்கு யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம். பொம்பள குடுக்கலாம், வேற மதத்து ஆள்கூடக் குடுக்கலாம். தண்ணிய ஊத்தி அந்த வார்த்தையச் சொன்னாப் போதும். ஆனா ஊத்துறதும் சொல்றதும் ஒரே ஆளா இருக்கணும். நாளைக்கு வகுப்புல சொல்றதுக்காகப் படிச்சேன். இப்ப ஒங்கள்ட்டச் சொல்லுதேன்."

பார்த்தாயா? மாதா இல்லாத கோயில்காரி, நம் கோயில் சட்டத்தை எனக்குச் சொல்கிறாள்.

அதே வாரத்தில் இன்னொன்று நடந்தது. பட்டாளத்துக்காரர்கள் துறைமுகத்துக்கும் தந்தி ஆபீசுக்கும் மணல் மூட்டை அடுக்கத் தொடங்கினார்கள். குண்டு விழுந்தால் தடுக்குமாம். மணலுக்கு எங்கே போவார்கள்? கல்லறை மதிலுக்கு வெளியே கடலோரம் கிடக்கிற மணலைத்தான் வெட்டினார்கள். தெற்கு மூலையில் ஆரம்பித்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே வந்தார்கள். என் சங்கு நின்றது வடக்கே. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பேன். பிள்ளையை உள்ளே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அவள் மூட்டையில் போய்விடுவாள்.

காயல்பட்டினத்துக்குக் கரி பஸ்ஸில் போனேன். பெட்ரோல் கிடைக்காத காலம், பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றை வைத்துக் கரி போட்டு ஓட்டுவார்கள். ஏற்றம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அந்த ஊரில் பெண்டுகள் மட்டும் நடக்கிற முடுக்குகள் உண்டு. அதற்குள் விசாரித்து விசாரித்து உம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். மகளோடு இருக்கலாம் என்று, என் பிள்ளையை எடுத்த அதே வாரம் ஊரோடு போனவள், அதுவரைக்கும் எங்கள் தெருப் பக்கம் திரும்பவே இல்லை.

"வாம்மா, வா. அடுத்தது எப்போ?" என்று என் வயிற்றைத்தான் முதலில் பார்த்தாள்.

"அடுத்தது கெடக்கட்டும் உம்மா. மொதல்லது வெளிய கெடக்கு."

"வெளியன்னா?"

சொன்னேன். இடித்துக்கொண்டிருந்த வெற்றிலை உரலைத் தள்ளி வைத்தாள்.

"கோட்டிக்காரிகளா! நான் ஊத்துனனே! ஊத்தி, சொல்ல வேண்டியதையும் சொன்னனே! எத்தன வீட்டுல எத்தன தடவ காதால கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒங்க மாமி வெந்நி எடுக்கப் போயிருந்தா. திரும்பி வாரதுக்குள்ள பிள்ள போச்சு. எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல. உள்ளதான் வச்சிருப்பியன்னு நெனச்சேன்."

"நீங்க அந்த வார்த்தையச் சொல்லலாமா உம்மா? ஒங்களுக்குக் குத்தமில்லையா?"

"அது எனக்கும் என்னப் படச்ச ரப்புக்கும் உள்ளது. நீ ஒன் சோலியப் பாரு" என்றாள். பிறகு உடனே, "பஸ் எத்தன மணிக்கு? நானும் வாரேன்" என்றாள்.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு அவள் எங்கள் கோயில் வராந்தாவில் வந்து உட்கார்ந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், மயிரும் சிலிர்க்கும். சாமியார் நல்ல மனுஷன்தான். மூக்குப்பொடி போடுவார், ஒரு கேள்விக்கு ஒரு தும்மல்.

"ஊத்துனது நீங்க, சொன்னது வேற யாராவதா அம்மா?"

"ரெண்டும் நாந்தான்."

"என்ன சொன்னீங்க? ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க."

உம்மா அவரை நேராகப் பார்த்தாள். "அது ஒரு உசுருக்காகச் சொன்னது. வேடிக்க காட்டச் சொல்ல மாட்டேன், சாமி."

சாமியார் தும்ம மறந்துவிட்டார். தலையை ஆட்டினார். சரி, முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்போதுதான் என் மாமி வாயைத் திறந்தார்கள்.

"இவ சொல்லுதது பொய் சாமி. பாசி பிள்ளையோட கையில இருந்துது."

இது உனக்குத் தெரியாது, சொல்லுகிறேன். மருத்துவச்சி உம்மா தான் எடுக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணேறு படாமல் இருக்க, கறுப்புக் கயிற்றில் ஒரு நீலப் பாசிமணி கோத்து மணிக்கட்டில் கட்டுவாள். நாங்களும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதை அறுத்துவிட வேண்டும். இனி பிள்ளையைக் காக்கச் சம்மனசு, அந்தத் தேவதூதரே இருக்கிறார், பாசி எதற்கு? அதுதான் எங்கள் தெருவின் வழக்கம். அறுக்காத பாசி என்றால் ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை.

"கட்டுனேன். தண்ணி ஊத்துறதுக்கு முன்னால அறுத்தும் போட்டேன்" என்றாள் உம்மா.

"அறுக்கல. நான் துணியில பொதியும்போது பாத்தேன்."

"ஒனக்கு அப்பவே கண்ணுல பூ விழுந்திருந்துது. என்னத்தப் பாத்தே?"

"எனக்கா கண்ணு தெரியாது? சாமி, இவ சொல்லுதது மெய்யின்னா..." மாமி தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்கள். "மெய்யின்னா, ஞானஸ்நானம் வாங்குன பிள்ளையக் கொண்டுபோய் நானே வெளிய போட்டனா? எங்கையாலயா?"

அதுவரைக்கும் மாமி எனக்கு எதிராக நிற்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் எதைத் தாங்க முடியாமல் நிற்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாமியார் பொடி டப்பியை மூடி வைத்தார். கடைசியில், "நாளைக்குக் காலைல பூச முடிஞ்சதும் தோண்டிப் பாப்போம். பாசி இருந்தா அப்படியே மூடிருவோம். இல்லன்னா பிள்ளைய உள்ள கொண்டு வருவோம்" என்றார். டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பழுக்கக் காச்சுன இரும்பு! கோயிலே நிறுத்துன வழக்க ஒங்க சாமியார் தூத்துக்குடியில மறுபடி தொடங்கிட்டாரா?" என்றாள். சொன்னாளே தவிர, மறுநாள் காலையில் வந்துவிட்டாள். கல்லறை வாசலுக்கு வெளியே உடைமரத்து நிழலில் நின்றாள்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ அவரைக் கட்டிலில் கிடந்தபோதுதான் பார்த்திருப்பாய். அந்த வயதில் ஆள் தேக்குமரம். சங்கு குளிக்கிறவர். அப்போது முத்துக்குளிப்பு இல்லை, சிப்பி விளையாமல் வருஷக்கணக்கில் படுத்துவிட்டது. அவருடைய தாத்தாதான் முத்துக் குளித்தவர். கரையில் காவல்காரன் நின்று வாயைத் திறக்கச் சொல்லிச் சோதிப்பானாம். அதற்கு முன்னாலேயே தாத்தா ஒரு முத்தை விழுங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பாட்டி விளக்கெண்ணெயைக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் அவரைக் கொல்லைப்புறத்தை விட்டு நகரவே விடவில்லையாம்! இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிப்பார். மற்றபடி பேசவே மாட்டார்.

காலையில் போய்ப் பார்த்தால், பட்டாளத்துக்காரர்கள் எங்களுக்கு முந்திவிட்டார்கள். மணல்மேட்டில் பாதியை வெட்டி எடுத்தாகிவிட்டது. என் சங்கு ஓரமாகப் புரண்டு கிடந்தது. மூட்டைகள் வண்டியில் ஏறிப் போய்விட்டன. அதில் எது எங்கே போனதோ, யாரைக் கேட்பது?

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஓங்கினார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்தார். "வேண்டாம். நான் தடவிப் பாக்கேன்" என்றார்.

முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடலுக்கு அடியில் கலங்கல் தண்ணீரில் சங்கைத் தடவுகிற மாதிரி, இரண்டு கையையும் மணலுக்குள் விட்டுத் தடவினார். ஒரு பக்கம் சாமியார், ஒரு பக்கம் மாமி, ஒரு பக்கம் உம்மா. கடல்கூட அன்றைக்கு இரைந்தமாதிரி எனக்கு நினைவில்லை. கொஞ்சம் துணி வந்தது, இற்றுப்போன துணி. அதற்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம்தான் இருந்தது. அவர் அந்தத் துணிக்குமேல் அப்படியே குனிந்தார். ஒரு கை வாய்க்குப் போயிற்று. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அப்புறம்தான் மூச்சை விட்டார்.

"ஒண்ணுமில்ல சாமி" என்றார்.

சாமியாரும் குனிந்து பார்த்தார். பாசி இல்லை. மாமி மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். உம்மா போய் அவர்களுடைய தலையைத் தன் துப்பட்டிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். சண்டை போட்ட இரண்டு பேரும் அப்படி இருந்ததைப் பார்த்து டீச்சர் நிழலை விட்டு எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டாள்.

துணியையும் அதைச் சுற்றி இருந்த மணலையும் ஒரு ஓலைக் கடகத்தில் அள்ளி, உள்ளே, மதிலின் மறுபக்கம் வைத்தோம். ஞானஸ்நானம் வாங்கின சின்னப் பிள்ளைக்கு இழவு மணி கிடையாது, சந்தோஷ மணிதான். கோயில் மணிக்காரரிடம் கயிற்றைக் கேட்டு வாங்கி நானே அடித்தேன். மார்பு கனக்கும், கனக்கும் என்று பார்த்துக்கொண்டே அடித்தேன். கனக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த மணிக்கும் கனக்கவில்லை. மாமி வீட்டுக்கு வந்ததும் உம்மாவுக்கு முதல் இலை போட்டார்கள். "நீ சொன்னது மெய்யோ பொய்யோ, நான் தோத்தது நல்லதாப் போச்சு" என்றார்கள். உம்மா மீனை மட்டும் குறை சொல்லிச் சாப்பிட்டாள்.

என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மூத்த பையன் பிறந்த பிறகு.

"அன்னைக்கு வாயில என்னத்தப் போட்டிய?"

"மணலு. ஒதட்டுல ஒட்டிச்சு. கரிச்சுது."

அவ்வளவுதான். சாகிறவரைக்கும் வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது நீயே சொல். உம்மா அறுத்தும் போட்டிருக்கலாம். இந்த மனுஷன் தாத்தா மாதிரி விழுங்கியும் இருக்கலாம். இரண்டும் எனக்குச் சம்மதம்தான். இரண்டிலும் என் பிள்ளை முழுசாக உள்ளே இருக்கிறாள். மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாது. பட்டாளத்தான் வெட்டிய பாதியில் அந்தக் கை போயிருந்தால்? பாசி அந்தக் கையோடு போயிருந்தால்? யுத்தம் முடிந்ததும் மூட்டைகள் இற்று, மணல் தெருவெல்லாம் கொட்டிக் கிடந்தது. வீடு கட்டுகிறவன், தரை போடுகிறவன், எல்லாரும் அள்ளினார்கள். இடிக்கிற வீட்டு மண் மறுபடி இன்னொரு வீட்டுக்குப் போகிறது. கச்சான் அடித்தால் இப்போதும் நான் வாசலில் நிற்பேன். பூனைக்குட்டிச் சத்தம் மதில் பக்கமிருந்து வருவதில்லை, அது உண்மை. ஆனால் சில நாள் யாருடைய சுவருக்குள்ளிருந்தோ வருகிறமாதிரி இருக்கும்.

அதனால்தான் இந்தத் தெருவில் மணல் வண்டி வந்து நின்றால் சல்லடையை எடுத்துக்கொண்டு போகிறேன். ஒரு வண்டியில் பாசி இல்லையென்றால், அந்த வண்டியில் என் பிள்ளை இல்லை. அது ஒரு சந்தோஷம் இல்லையா? உன் வீட்டு மணலில் பாதி அரித்துவிட்டேன். இரண்டு கோலிக்குண்டு, ஒரு ஓட்டைக்காசு, யாரோ ஒருவருடைய பல். பல்லைக் கொத்தனார் பெண்டாட்டியிடம் கொடுத்தேன், அலறிக்கொண்டு ஓடினாள். அந்தக் கோபத்தில்தான் தங்கம், புத்தி என்றெல்லாம் பேசுகிறாள்.

"அப்போ, கெடச்சிட்டா என்னக்கா செய்விய? சாமியார்ட்டக் கொண்டுபோய்க் காட்டுவியளா?"

நல்லாக் கேட்டாய்! காட்டுவதற்கா இத்தனை வருஷம் தேடுகிறேன்? கிடைத்த இடத்திலேயே வாயில் போட்டு விழுங்கிவிட மாட்டேனா! அப்புறம் எந்தச் சாமியார் வந்து எங்கே தோண்டிப் பார்ப்பார்? நீ சிரி, சிரி. பாசி தொண்டையில் சிக்காமல் இருக்கத்தான் சல்லடைக்குப் பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன், நீ கவனிக்கவில்லையா?

அய்யோ, அது கொத்தனாருடைய சைக்கிள் சத்தம் அல்லவா? வந்ததும் சிமிண்டைக் கொட்டிக் குழைத்துவிடுவான். இன்னும் பாதி மணல் அரிக்காமல் கிடக்கிறது. எழுந்திரு ஏளா, அந்தச் சல்லடையை எடு, நீ அந்த ஓரத்தைப் பிடி.